தெரிந்தவற்றைச் சேர்த்தால் புதியது ஆகுமா? பிரிண்டரின் மின்தடைக் காப்பை முன்வைத்து ஒரு காப்புரிமை ஆய்வு

பிரிண்டர் எல்லோருக்கும் தெரிந்த பொருள். பேட்டரியும் அப்படித்தான். மின்சாரம் நின்றதை உணர்ந்து எச்சரிக்கும் சுற்று அரை நூற்றாண்டாகக் கணினிகளில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, மின்தடை வந்தாலும் வேலை கெடாத பிரிண்டர் என்று ஒருவர் காப்புரிமை கேட்டால் கொடுக்கலாமா?

பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் மிகப் பழைய சிக்கல் இதற்குள் இருக்கிறது. ஒரு பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, துறை அறிந்தவருக்கு அது எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்று ஏறத்தாழ எல்லா நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. இந்தியச் சட்டம் இதைக் கண்டுபிடிப்புப் படி என்கிறது. 'எளிதில்' என்பதை எதைக்கொண்டு அளப்பது என்ற இடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் வெளியாகியிருந்த நூல், பொருள், பழைய காப்புரிமை எல்லாவற்றையும் சேர்த்து இக்கட்டுரை 'முன்னறிவு' என்று குறிப்பிடுகிறது.

பெட்டிக்குள் நடப்பது

சட்டத்துக்குப் போவதற்கு முன் பொறியைப் பார்த்துவிட வேண்டும். பொறியை அறியாமல் சொல்லப்படும் 'எளிது', 'அரிது' இரண்டுமே வெறும் ஊகம்.

இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சுத்தலை ஓடிக்கொண்டே மை தெளிக்கிறது. வேலை முடிந்ததும் அது ஓரத்திலுள்ள ஓய்விடத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் அமர்கிறது. மூடாமல் விட்டால் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தி நிறுத்தினால் இந்த ஒழுங்கு தானாக நடக்கும். மின்சாரம் திடீரென்று போனால் தலை நின்ற இடத்திலேயே திறந்தபடி நிற்கும். லேசர் பிரிண்டரின் சிக்கல் வேறு. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பொடியை உருக்கித் தாளில் ஒட்டும் உருளைக்கு நடுவே தாள் சிக்கி நிற்கும், குளிர்விக்கும் விசிறியும் நின்றுபோகும். முப்பரிமாண பிரிண்டரில் பல மணிநேர வேலை பாதியில் போகிறது. சூடான முனை பொருளின் மேலேயே நின்று அதை உருக்கியும் விடலாம்.

மின்சாரம் போனது எப்படித் தெரிகிறது? இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் அலை 10 மில்லி நொடிக்கு ஒருமுறை பூச்சியத்தைக் கடக்கிறது. அந்தக் கடப்பு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் ஏதோ தவறு. ஆக, அறிய ஒரு அரை அலையோ ஒரு முழு அலையோ போதும். அறிந்த பிறகு கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மின் வழங்கியின் முதல்நிலை மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அதன் கொள்திறன் 100 மைக்ரோ ஃபாரட் என்றும், 200 வோல்ட்டுக்கு இறங்கும்வரை பயன்படும் என்றும் வைத்துக்கொள்வோம். கிடைக்கும் ஆற்றல் சுமார் 3.3 ஜூல். பிரிண்டர் 50 வாட் இழுக்கிறது என்றால், இழப்புகளைக் கணக்கில் எடுக்காமலே, சுமார் 65 மில்லி நொடி. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் அச்சுத்தலை ஏ4 தாளின் அகலமான 21 சென்டிமீட்டரைக் கடக்க 210 மில்லி நொடி வேண்டும். போதாது. ஆனால் மின்தடை தெரிந்த அக்கணமே விளக்கு, திரை, தாள் இழுக்கும் மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து இழுவையை 15 வாட்டுக்குக் குறைத்தால், அதே மின்தேக்கி சுமார் 220 மில்லி நொடி தாங்கும். தலை வீடு சேர்ந்துவிடும். பேட்டரியே தேவையில்லை.

வாசகர் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது கற்பனைக்கு மட்டும் உரியதல்ல. 2017-இல் வெளிவந்த புரூசா எம்கே3 என்ற முப்பரிமாண பிரிண்டர் 'பவர் பேனிக்' என்ற வசதியில் இதே வழியைப் பின்பற்றியது: மின்தடையை உணர்ந்ததும் சூடேற்றிகளை அணைத்துவிட்டு, மிஞ்சிய ஆற்றலில் இருப்பிடத்தை நிலைநினைவகத்தில் எழுதி, முனையை மேலே தூக்கும். மார்லின் என்ற திறந்த மென்பொருள் வேறு வழி தேர்ந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிலையை அவ்வப்போது நினைவு அட்டையில் எழுதிக்கொண்டே போகும், மின்சாரம் திரும்பியதும் அங்கிருந்து தொடரும். ஒன்று கடைசிக் கணத்தை நம்புகிறது, மற்றது முன்கூட்டிய சேமிப்பை. நோக்கம் ஒன்றானாலும் பொறியியல் வேறு.

'மேதைமையின் பொறி' வரை

1474-இல் வெனிஸ் நகரம் இயற்றிய சட்டம் புதிய, நுட்பமான கருவிகளுக்கே உரிமை தந்தது. நுட்பம் வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது, அளவுகோல்தான் இல்லை. அமெரிக்காவில் 1813-இல் தாமஸ் ஜெஃபர்சன், ஆலிவர் எவன்சின் மாவு ஆலைக் கருவிகள் பற்றி எழுதிய கடிதத்தில், பொருளையோ வடிவத்தையோ மாற்றுவது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்று வாதிட்டார். 1825-இல் நீதிபதி ஸ்டோரி இதற்கு எதிர்நிலை எடுத்தார்: புதிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் போதும், அறிவு எவ்வளவு செலவானது என்று பார்ப்பது சட்டத்தின் வேலை அல்ல.

1851-இல் ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் வழக்கு வந்தது. கதவுக் கைப்பிடியை மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் களிமண்ணால் செய்ததற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். தேர்ந்த கைவினைஞர் எவரும் செய்யக்கூடியதுதானே என்று கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 'துறை அறிந்தவர்' என்ற கற்பனை மனிதர் சட்டத்துக்குள் நுழைந்தது ஏறத்தாழ இங்கேதான்.

பிறகு அளவுகோல் ஏறிக்கொண்டே போனது. 1941-இல் கூனோ வழக்கு, காரில் சுருட்டுப் பற்றவைக்கும் மின்கருவி பற்றியது. கம்பியற்ற பற்றவைப்பானும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் தனித்தனியே தெரிந்தவை. இரண்டையும் சேர்த்ததில் படைப்பு மேதைமையின் பொறி தெரியவில்லை என்றது நீதிமன்றம். இந்த அளவுகோல் பெரும் தவறு. பொறியியலின் பெரும்பகுதி பொறியாகத் தெறிப்பதில்லை, பொறுமையாகச் சோதித்துச் சோதித்துக் கிடைக்கிறது. 1952-இல் அமெரிக்கச் சட்டமன்றமும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. புதிய காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, கண்டுபிடிப்பு எந்த முறையில் வந்தது என்பதை வைத்து உரிமையை மறுக்கக் கூடாது என்று எழுதி, மேதைமையைத் தேடும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

பென்சிலும் ரப்பரும்

நம் பிரிண்டருக்கு நேரடியாகப் பொருந்தும் வாதம் சேர்க்கை பற்றியது. 1858-இல் ஹைமன் லிப்மன் பென்சிலின் ஒரு முனையில் அழிப்பான் வைத்துக் காப்புரிமை பெற்றார். 1875-இல் ரெக்கன்டார்ஃபர் எதிர் ஃபேபர் வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பானது. பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது. ஒன்று மற்றதன் வேலையை மாற்றவில்லை. இரண்டும் ஒரே குச்சியில் குடியிருக்கின்றன, அவ்வளவே. இங்கிலாந்தில் 1890-இல் வில்லியம்ஸ் எதிர் நை வழக்கில் இறைச்சி அரைக்கும் கருவியையும் அதை உறையில் திணிக்கும் கருவியையும் இணைத்ததற்கு அதே கதி. ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு வழிகாட்டி இன்றும் அந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறது. 2004-இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை, சபாஃப் எதிர் எம்எஃப்ஐ என்ற எரிவாயு அடுப்பு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வினையாற்றவில்லை என்றால் அங்கே இருப்பது ஒரு கண்டுபிடிப்பு அல்ல, இரண்டு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 3(எஃப்) பிரிவு இதே எண்ணத்தின் வழிவந்தது. தெரிந்த கருவிகளை அடுக்குவதும், மாற்றி அடுக்குவதும், இரட்டிப்பதும், அவை ஒவ்வொன்றும் தெரிந்த முறையில் தனித்தனியே இயங்கும் வரை, கண்டுபிடிப்பு ஆகா என்கிறது அது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் எளிமை. யுபிஎஸ் ஒன்றைப் பிரிண்டரின் கூட்டுக்குள் திருகி வைத்தால் அது பென்சில் முனை ரப்பர்தான், விவாதமே வேண்டாம். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, எந்தச் சேர்க்கையும் வெறும் அடுக்காகத் தெரியும். மேலே போட்ட கணக்கில் மின்தேக்கி மின்தேக்கியாகவே இருந்தது, உணரும் சுற்றும் சுற்றாகவே இருந்தது. ஆனால் உணர்ந்த செய்தி சுமைகளை அணைத்தது, சுமை குறைந்ததால் சேமிப்பு 65 மில்லி நொடியிலிருந்து 220 மில்லி நொடிக்கு நீண்டது, நீண்டதால் தலை மூடி சேர்ந்தது. ஒன்று மற்றதன் அளவையே மாற்றுகிறது. இதைத் தனித்தனியே இயங்குவது என்று சொல்ல முடியாது. ஆகவே 3(எஃப்) பிரிவில் கவனித்துப் படிக்க வேண்டிய சொல் 'தெரிந்த' அல்ல, 'தனித்தனியே'.

நான்கு கேள்விகளும் ஒரு மிதியும்

1966-இல் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆய்வுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. முன்னறிவின் எல்லை என்ன, கோரப்படுவதற்கும் அதற்கும் வேறுபாடு என்ன, துறையில் சாதாரணத் திறன் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு சந்தை வெற்றி, நீண்ட நாள் தேவை, பிறர் முயன்று தோற்றது போன்ற வெளிச் சான்றுகளைப் பார்க்கலாம். உழவுக் கலப்பையின் தாங்கி பற்றிய வழக்கு அது.

ஒழுங்கு நன்றாக இருந்தாலும், இரண்டு ஆவணங்களைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. 1982-இல் தொடங்கிய ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடை சொன்னது: சேர்க்கும்படி முன்னறிவிலேயே ஒரு போதனையோ பரிந்துரையோ தூண்டுதலோ இருக்க வேண்டும். விடை தெரிந்த பின் வரும் பின்னறிவால் கண்டுபிடிப்பாளர் பாதிக்கப்படாமல் இருக்க இது நல்ல வேலி. ஆனால் எழுத்தில் கிடைக்காத பொது அறிவு இந்த வேலியைத் தாண்ட முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் கட்டுரையாக எழுதுவார்கள்? மதிப்பற்ற காப்புரிமைகள் பெருகுவதை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது.

2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு அந்த வேலியைத் தளர்த்தியது. நகர்த்தக்கூடிய கார் மிதியின் அசையாத மையத்தில் மின்னணு உணரியைப் பொருத்தியது பற்றிய வழக்கு. தெரிந்த உறுப்புகள் தெரிந்த முறையில் சேர்ந்து எதிர்பார்த்த பலனையே தந்தால் அது எளிதில் தோன்றுவதுதான் என்றது நீதிமன்றம். துறை அறிந்தவர் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் அல்ல, அவருக்கும் சாதாரணப் படைப்புத் திறன் உண்டு என்றும் சொன்னது. அதேநேரம் சேர்ப்பதற்கான காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்ற, 2006-இன் கான் வழக்கு வகுத்த, கடமையையும் ஏற்றுக்கொண்டது. பின்வந்த ஆய்வு ஆணைகளில் முதல் பாதி உரக்க ஒலிக்கிறது, இரண்டாம் பாதி மெலிந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. 2016-இல் அரென்டி எதிர் ஆப்பிள் வழக்கில், பொது அறிவு என்ற சொல்லை ஆதாரத்துக்குப் பதிலாக வைக்க முடியாது என்று ஃபெடரல் சர்க்யூட் சொல்ல நேர்ந்தது.

இனி ஒரு மாதிரிக் கோரிக்கையை, அதாவது விண்ணப்பத்தில் எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்தை, எடுத்துக்கொள்வோம். 'மின் இழப்பை அறியும் பகுதி, துணை மின் ஆதாரம், அறிந்ததும் வேலையின் நிலையைச் சேமித்து அச்சுத்தலையை ஓய்விடத்துக்குக் கொண்டுசெல்லும் கட்டுப்பாட்டகம் ஆகியவை கொண்ட பிரிண்டர்.' ஆய்வாளர் கையில் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்றில், வழக்கமாக அணைக்கும்போது தலையை மூடும் பிரிண்டர். மற்றதில், மின்தடை வந்ததும் நினைவைக் காக்கும் கணினி.

இரண்டாவது ஆவணத்துக்குப் பஞ்சமே இல்லை. 1970-இல் வந்த பிடிபி-11 கணினியில் மின்சாரம் தாழ்ந்தால் செயலி ஒரு குறிப்பிட்ட முகவரிக்குத் தாவிப் பதிவகங்களைக் காப்பாற்றும். 1976-இன் இன்டெல் 8085 செயலியில் 'ட்ராப்' என்ற தடுக்க முடியாத குறுக்கீடு உண்டு. மின்தடைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பது இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோபிராசஸர் படித்த எவருக்கும் தெரிந்த பாடம். பேட்டரியில் இயங்கும் பிரிண்டரும் புதிதல்ல. பேருந்து நடத்துநர் கையில் டிக்கெட் அச்சிடும் கருவி அது, வாக்குச்சாவடியில் விவிபேட் பொறியும் அதுவே. கணினி நினைவும் மைத்துளையும் வேறு துறைகள் அல்லவா என்று விண்ணப்பதாரர் கேட்கலாம். கேட்பது பலிக்க வாய்ப்பு குறைவு. 2004-இன் பிகியோ வழக்கில், தலைவாரும் பிரஷுக்கு எதிராகப் பல் துலக்கும் பிரஷ் முன்னறிவாக ஏற்கப்பட்டது. பிரச்சினை ஒன்றாக இருந்தால் அடுத்த துறை அவ்வளவு தூரம் இல்லை.

மாதிரிக் கோரிக்கை, எழுதியிருக்கும் வடிவில், அமெரிக்க முறையில் தோற்கும். தோற்பதே சரி என்று நினைக்கிறேன். அது எல்லோரும் விரும்பும் பலனைச் சொல்கிறது. எந்த வரிசையில், எதை அணைத்து, எத்தனை கணத்துக்குள் என்பதைச் சொல்லவில்லை.

பிரச்சினையிலிருந்து தொடங்குவோர்

ஐரோப்பிய முறை வேறு வழியில் வருகிறது. மிக நெருங்கிய முன்னறிவைத் தேர்ந்து, அதற்கும் கோரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொழில்நுட்பப் பிரச்சினையை வகுத்து, அந்தப் பிரச்சினையோடு நிற்கும் துறை அறிந்தவர் இந்தத் தீர்வுக்கு வந்திருப்பாரா என்று கேட்பார்கள். 1984-இல் முடிவான டி 2/83 என்ற மேல்முறையீடு இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டை நிலைநிறுத்தியது. அவரால் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி அல்ல, செய்திருப்பாரா என்பதே கேள்வி. முடியும் என்பதற்கு எல்லை இல்லை. செய்திருப்பார் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

இதன் பலவீனம் தொடக்கத்திலேயே இருக்கிறது. பிரச்சினையை வகுப்பவர் தீர்வைப் படித்துவிட்டுத்தான் வகுக்கிறார். 'மின்தடையின்போது தலையை எப்படி மூடுவது' என்று வகுத்தால் விடை கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'அவ்வப்போது சில துளைகள் அடைத்துக்கொள்வது ஏன்' என்று வகுத்தால் நிலைமை வேறு. பயனர் மின்சாரம் திரும்பியதும் அச்சிடுகிறார், எழுத்து மங்குகிறது, மை தீர்ந்தது என்று நினைத்துப் புது மைக்குப்பி வாங்குகிறார். அடைப்புக்கும் நேற்றைய மின்வெட்டுக்கும் தொடர்பு இருப்பதை முதலில் கண்டவருக்கு உரிய பங்கு என்ன?

டி 2/83 முடிவே இதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதுவரை யாரும் உணராத பிரச்சினையைக் கண்டதே, தீர்வு பிறகு அற்பமாகத் தெரிந்தாலும், சில சூழல்களில் காப்புரிமைக்குத் தகுதி தரலாம். அமெரிக்காவில் இதற்கு 1923-இன் ஐபெல் வழக்கு முன்னோடி. அதுவும் காகிதம் பற்றியதே. காகிதம் செய்யும் பொறியில், கூழைவிடக் கம்பிவலை வேகமாக ஓடுவதால் தாள் கெடுகிறது என்று ஐபெல் கண்டார். வலையின் சரிவைக் கூட்டினார், பொறி வேகமாக ஓடியது. சரிவைக் கூட்டுவது யாருக்கும் தெரிந்த வேலை. காரணத்தைக் கண்டதுதான் கண்டுபிடிப்பு என்று தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பு ஏற்றது. என் பார்வையில் இந்த மரபு போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. இன்றைய பிரிண்டர் விண்ணப்பங்களுக்கு அது பெரிதும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்வெட்டால் தலை திறந்து கிடக்கும் என்ற பிரச்சினை இப்போது எல்லோரும் அறிந்தது.

எதிர்த்திசை காட்டும் அறிவு

முன்னறிவே 'இப்படிச் செய்யாதே' என்று சொல்லியிருந்தால்? கிரஹாம் தீர்ப்பு வந்த அதே நாளில் உச்ச நீதிமன்றம் ஆடம்ஸ் என்பவரின் மின்கலக் காப்புரிமையை ஏற்றது. மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் கொண்டு, தண்ணீர் ஊற்றினால் உயிர்பெறும் மின்கலம். உறுப்புகள் தெரிந்தவையே. ஆனால் அவற்றைச் சேர்ப்பதற்கு எதிராகவே துறையின் அறிவு இருந்தது, ராணுவ வல்லுநர்களும் அது வேலை செய்யும் என்று முதலில் நம்பவில்லை. தெரிந்தவற்றைச் சேர்த்தும் உரிமை பெறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை.

லேசர் பிரிண்டரில் இதற்கு நெருங்கிய ஒரு நிலை உண்டு. அதை யுபிஎஸ்-இன் பேட்டரி முனையில் செருக வேண்டாம் என்று யுபிஎஸ் செய்வோர் பொதுவாக அறிவுறுத்துகிறார்கள். பொடியை உருக்கும் சூடேற்றி விட்டுவிட்டுப் பெரிய அளவில், சில பொறிகளில் 1,000 வாட்டுக்கும் மேல், இழுப்பதால் யுபிஎஸ் திணறும். இந்த அறிவுரை, லேசர் பிரிண்டருக்குத் துணை மின்சாரம் கொடுப்பதற்கே எதிரான போதனையா?

இல்லை என்பதே பொருந்தும் விடை. 1994-இன் கர்லி வழக்கு, ஒரு பொருள் சற்றுத் தாழ்ந்தது என்று சொல்வது அதை விலக்கச் சொல்வது ஆகாது என்றது. 2004-இன் ஃபுல்டன் வழக்கு, மாற்று வழிகளைக் காட்டுவது மட்டும் எதிர்ப்போதனை ஆகாது என்றது. யுபிஎஸ் அறிவுரை முழுச் சுமையைப் பேட்டரியில் ஏற்றாதே என்கிறது. சூடேற்றியை அணைத்துவிட்டு மோட்டாருக்கும் விசிறிக்கும் மட்டும் கொடுப்பதைப் பற்றி அது பேசவில்லை. சொல்லப்போனால் அந்தப் பக்கம் மறைமுகமாக வழிகாட்டுகிறது. இங்கே நியாயமான எதிர்வாதமும் உண்டு. துறையில் எல்லோரும் 'வேண்டாம்' என்று கேட்டுப் பழகிய இடத்தில் ஒருவர் நின்று யோசித்ததற்கு மதிப்பு இல்லையா? உண்டு. ஆனால் அந்த மதிப்பு, எந்தச் சுமையை எப்போது துண்டிப்பது என்று கோரிக்கையில் எழுதியவருக்கே சேரும்.

பின்னறிவும் பதினெட்டு மணிநேரமும்

விடை தெரிந்த பிறகு எல்லாக் கணக்கும் எளிது. 1975-இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் நடத்திய உளவியல் ஆய்வு, முடிவை அறிந்தவர்கள் அம்முடிவை முன்பே ஊகித்திருக்கலாம் என்று மிகைப்படுத்தி நம்புவதைக் காட்டியது. 2006-இல் கிரெகரி மாண்டல் இதைக் காப்புரிமைச் சூழலில் சோதித்து, பின்னறிவுச் சாய்வு அங்கும் வலுவாக இருப்பதைக் கண்டார். வெறுமனே எச்சரிப்பதால் அது நீங்கிவிடுவதில்லை.

எதிர்ப்பக்கச் சாய்வும் உண்டு. 2001-இல் மார்க் லெம்லி எழுதிய கட்டுரை, அமெரிக்க ஆய்வாளர் ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாகச் செலவிடும் நேரம், அதைச் சில ஆண்டுகளில் பரப்பியும் கூட, சுமார் 18 மணிநேரம் என்றது. பெரும்பாலான காப்புரிமைகள் ஒருபோதும் வழக்குக்கு வருவதில்லை, ஆகவே எல்லாவற்றையும் ஆழ ஆய்வது வீண் செலவு என்பது அவர் வாதம். மைக்கேல் ஃப்ரேக்ஸும் மெலிசா வாசர்மனும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆய்வாளருக்கு நேரம் குறையும்போது உரிமை வழங்கும் விகிதம் கூடுவதாகக் காட்டியது. ஆக, பின்னறிவு மறுக்கத் தூண்டுகிறது, நேரமின்மை கொடுக்கத் தூண்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று ஆறுதல் கொள்ள முடியாது. தவறாக மறுக்கப்படுவது ஒருவருடையது, தவறாகக் கொடுக்கப்படுவது வேறொருவருடையது.

இந்திய அளவுகோல்

1978-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், கடைசல் பொறியில் பாத்திரத்தைப் பிடித்துநிறுத்தும் ஓர் ஏற்பாட்டுக்குக் கொடுத்த காப்புரிமை செல்லாது என்று முடிவுசெய்தது. பட்டறை மேம்பாடு என்ற அளவைத் தாண்ட வேண்டும், பழைய உறுப்புகளை வெறுமனே கூட்டிவைத்தால் போதாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பின் அடித்தளம் இன்றும் நிற்கிறது.

சட்டம் பிறகு மாறியது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 2(1)(ஜேஏ) பிரிவின்படி கண்டுபிடிப்புப் படி என்பது, இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ கொண்டு, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத கூறு. பொருளாதார முக்கியத்துவம் என்ற சொற்றொடர் அமெரிக்க 103-ஆம் பிரிவிலும் இல்லை, ஐரோப்பிய உடன்படிக்கையின் 56-ஆம் பிரிவிலும் இல்லை.

மின்தடைக் காப்புக்கு இது பொருத்தமான சொல். மின்சாரம் ஒருபோதும் போகாத ஊரில் இந்த வசதியின் மதிப்பு சிறிது, அடிக்கடி போகும் ஊரில் பெரிது. ஆனால் பொருளாதார முக்கியத்துவம் மட்டும் உரிமை தராது. பிரிவின் கடைசி நிபந்தனை அப்படியே நிற்கிறது: எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். சந்தைத் தேவையைக் காட்டி அந்த நிபந்தனையைத் தாண்டப் பார்ப்பது பிரிவைப் பிழையாகப் படிப்பது. இன்னொரு இடர் 3(கே) பிரிவு. கணினி நிரலை மட்டும் கோரினால் அது விலக்கும். சுமையைத் துண்டிக்கும் வரிசையை வெறும் நிரலாக எழுதாமல், எந்தச் சுற்றை, எந்த மோட்டாரை, எந்த மின்னழுத்தத்தில் என்று பொறியோடு கட்டி எழுதுவது அதனால்தான் அவசியமாகிறது.

இன்னும் தீராதவை

துறை அறிந்தவர் யார் என்பது முதல் கேள்வி. பிரிண்டரில் மை வேதியியல், மின்வழங்கி, இயக்கவியல், நிரல் நான்கும் சேர்கின்றன. ஒருவரையா கற்பனை செய்வது, நால்வர் குழுவையா? குழு என்றால் சேர்ப்பது எளிதாகிவிடும், ஒருவர் என்றால் அரிதாகிவிடும். ஐரோப்பிய அலுவலகம் தேவைப்படும் இடத்தில் குழுவை ஏற்கிறது. எப்போது தேவைப்படுகிறது என்பதற்குக் கூரான வரையறை இல்லை.

அளவைச் சரிசெய்வது எப்போது கண்டுபிடிப்பாகிறது என்பது இரண்டாவது. 50 வாட்டை 15 வாட் ஆக்கியது வழக்கமான சோதனையா, புது அறிவா? எதையெல்லாம் அணைத்தால் தலை நடுவில் நின்றுவிடாமல் போய்ச் சேரும் என்று முன்கூட்டிக் கணிக்க முடிந்தால் அது வழக்கமான வேலை. எதிர்பாராத இடத்தில் ஆற்றல் கிடைத்தால், ஓடும் மோட்டாரின் வேகத்தையே மின்சாரமாகத் திருப்பியது போல, வாதம் வலுப்பெறலாம். அதுவும் முன்னறிவில் எங்கே, எந்தப் பொறியில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

இவற்றுக்குப் பொது விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிலைப்பாடுகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் போதிய உறுதியோடு தெரிகிறது. பலனை மட்டும் கோரும் விண்ணப்பம் எந்த முறையிலும் நிற்பதற்கு இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று மாற்றும் விதத்தைக் கோரும் விண்ணப்பத்தை, உறுப்புகள் தெரிந்தவை என்ற ஒரு வரியோடு எந்த முறையிலும் தள்ளிவிட முடியாது. ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: சேர்த்திருப்பார் என்று எழுதும்போது ஏன் சேர்த்திருப்பார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட நினைக்கும் இளம் பொறியாளர்களிடம் இன்னொன்று: மின்சாரம் போன பிறகு உங்கள் பொறி எதை முதலில் அணைக்கிறது, எதைக் கடைசிவரை காக்கிறது, அதற்கு எத்தனை மில்லி நொடி ஆகிறது என்பதை விவரிப்பில் மட்டும் விட்டுவைக்காமல் கோரிக்கையிலேயே எழுதுங்கள்.